வெள்ளைச் சீருடைக்காரர்களின் ஊரில் ஐந்து நாள்

முதல் நாள்

கூடூர் தாண்டிவிட்டது. காலையில் சென்னை சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறினோம், நானும் என் மனைவியும். விசாகப்பட்டினம் போய்ச் சேர இரவாகிவிடும். ஊரிலிருந்து முந்தாநாளே கிளம்பி மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்ததால் உடம்புக்கு அலுப்பில்லை. மகள் கட்டிக்கொடுத்த புளியோதரை நெல்லூர் வரைகூடத் தாங்காது போலிருக்கிறது.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகன் கடற்படையில் இருக்கிறான். "பெரியப்பா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று பல வருடமாகக் கூப்பிடுகிறான். அது ஒரு காரணம். இன்னொன்று பழைய கடன். நான் தரைப்படையில், மெட்ராஸ் சாப்பர்ஸில், 24 வருடம் இருந்தவன். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எங்கள் வேலை. அந்த 24 வருடத்தில் மூன்றே மூன்று நாள்தான் கடலில் இருந்திருக்கிறேன். அந்த மூன்று நாளைப் பற்றி நாளைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதிர் இருக்கையில் ஒரு பையன். ஒட்ட வெட்டிய முடி. இருக்கைக்கு அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்த தகர டிரங்க், மேலே வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "எங்க தம்பி, எந்த யூனிட்?" என்றேன். "நேவி சார், ஷிப்ல இருக்கேன்" என்றார். தேனிப் பக்கத்துக்காரர். லீவு முடிந்து திரும்புகிறார். படையில் சேரும்வரை கடலைப் பார்த்ததே இல்லையாம். மாலுமிகளுக்கு அடிப்படைப் பயிற்சி ஒடிசாவில், சில்கா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவில் நடக்கிறது. "அந்த ஏரியப் பாத்ததும் இதுதான் கடல்னு நெனச்சுட்டேன் சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. நாங்கள் சீருடையோடு ரயிலில் வந்தால் டீ விற்பவர் காசு வாங்க மாட்டேன் என்பார். பனியில் துப்பாக்கியோடு நிற்கிற சிப்பாயின் படம் காலண்டரில் வரும். இந்தப் பையன் வேலை செய்யும் இடத்தை நம்மில் யாரும் பார்த்ததில்லை. கரையில் நிற்பவன் கண்ணுக்குக் கப்பல் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அதற்கு அப்புறம்தான் அவர் வேலையே ஆரம்பிக்கிறது. சாப்பாட்டு வண்டி வந்தபோது அவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றார். "நான் நாயப் சுபேதாரா ரிட்டயர் ஆனவன், சொன்னாக் கேக்கணும்" என்றதும் சரி என்று வாங்கிக்கொண்டார்.

ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வரும்போது எழுப்பச் சொல்லிவிட்டு என் மனைவி தூங்குகிறாள். ஆற்றில் காசு போட வேண்டுமாம்.

இரண்டாம் நாள்

நேற்று இரவு தம்பி மகன் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போனான். கடற்படைக் குடியிருப்பில் சின்ன வீடு. அவன், என் மருமகள், ஆறு வயதுப் பேரன். வீடு முழுக்க நெல்லை வாசனை. அடுக்களையில் நம் ஊர்க் கருப்பட்டியும் அப்பளமும் இருக்கின்றன.

இவன் பெட்டி ஆபீசர், எங்கள் ஹவில்தார் மாதிரி. எஞ்சின் ரூமில் வேலை. நாலு மணி நேரம் வாட்ச் என்கிற பணிமுறை, அப்புறம் கொஞ்சம் தூக்கம், மறுபடி வாட்ச். "வெளிய பகலா ராத்திரியான்னே தெரியாது பெரியப்பா. சாப்பாட்டுல டீயும் பிஸ்கட்டும் வந்தா சாயங்காலம்னு நெனச்சுக்குவோம்." எஞ்சின் ஓடும்போது ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, கைச்சாடைதான். காதில் அடைப்பு, உடம்பெல்லாம் வியர்வை. நாங்களும் ராஜஸ்தான் வெயிலில் கிடந்திருக்கிறோம். ஆனால் எங்களுக்கு மேலே வானம் இருந்தது, சாயங்காலம் காற்று வந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது இவன் ஐ.என்.எஸ். ஜலாஷ்வாவில் இருந்தான். விமானமெல்லாம் நின்றுபோன அந்த மாதங்களில் மாலத்தீவு, இலங்கை, ஈரான் என்று போய் நம் மக்களைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். சமுத்திர சேது என்று பெயர். மொத்தம் 3,992 பேர். ஈரானில் வேலையில்லாமல் மாட்டிக்கொண்டிருந்த குமரி, நெல்லைக் கடற்கரை மீனவர்களும் அதில் உண்டு. அவர்களைத் தூத்துக்குடியில் இறக்கினார்கள்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இன்றைக்குத்தான் சொன்னான். கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்றபோது அங்கிருந்து எங்கள் ஊர் ஒன்றரை மணி நேரம். அவன் அம்மா அப்போது ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். இவன் கரையில் கால் வைக்கவில்லை. தொற்று பரவிவிடக் கூடாது என்று யாரும் இறங்கக் கூடாது என்பது உத்தரவு. வந்ததையே அம்மாவிடம் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டான். "சொல்லியிருந்தா அம்மா ஆட்டோ பிடிச்சு ஆர்பருக்கு வந்திருப்பா பெரியப்பா" என்றான். என் மனைவி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதைக் கேட்டதும் எனக்கு 2004 நினைவுக்கு வந்தது. நேற்று எழுதுவதாகச் சொன்ன கதை இதுதான்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. நான் அப்போது ஹவில்தார், பெங்களூரில் இருந்தேன். அந்தமான் நிக்கோபாரில் படகுத்துறையெல்லாம் உடைந்து கிடக்கிறது, சாப்பர்கள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு வந்து தளவாடங்களோடு ஒரு தரையிறங்கு கப்பலில் ஏறினோம். முன்பக்கம் வாய் பிளப்பது போலக் கதவு திறக்கும். லாரி, ஜேசிபி எல்லாம் நேராக உள்ளே போய்விடும். அந்தச் சமயத்தில் கடற்படை ஒரே நேரத்தில் ஐந்து வேலைகளைத் தூக்கிச் சுமந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அந்தமானுக்கு ஸீ வேவ்ஸ், தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் மதத், இலங்கைக்கு ரெயின்போ, மாலத்தீவுக்குக் காஸ்டர், இந்தோனேசியாவுக்குக் கம்பீர். தன் வீட்டிலும் இழவு விழுந்திருக்கும்போது அடுத்த வீட்டுக்கும் ஓடிய மாதிரி.

கப்பல் நகர்ந்து இரண்டு மணி நேரத்தில் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் படுத்துவிட்டார்கள். தலை தூக்க முடியவில்லை, குடித்த தண்ணீரும் தங்கவில்லை. நான் தளத்தில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தேன். ஒரு மாலுமி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "அண்ணே, கண்ண மூடாதீங்க. தூரத்துல அடிவானத்தையே பாருங்க. வெறும் வயித்தோட இருக்காதீங்க" என்று சொல்லிக் காய்ந்த ரொட்டியும், பாட்டிலிலிருந்து எலுமிச்சங்காய் ஊறுகாயும் எடுத்துக் கொடுத்தார். வீட்டு ஊறுகாய். சாப்பிட்டேன், தங்கியது. அன்று ராத்திரி தன் படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் வேறெங்கோ படுத்தார். மூன்று ராத்திரியும் அப்படித்தான். எங்கள் பையன்கள் எல்லோரையும் அந்தக் கப்பல்காரர்கள் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் ராத்திரி அவரே பேச்சை எடுத்தார். "அண்ணே, உங்க ஆளுங்கள்ல யாராவது கடலூர் வழியா வந்தாங்களா?" அவர் ஊர் தேவனாம்பட்டினம். கடலூருக்குப் பக்கத்தில் கடலை ஒட்டினாற்போல இருக்கிற மீனவர் ஊர். அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரும் அங்கே. ஐந்து நாளாகத் தகவல் இல்லை, போன் போகவில்லை. நான் பதறிப்போய், "சென்னையில ஒரு நாள் நின்னீங்களே, போயிருக்கலாமே தம்பி, கேட்டா விட்டிருப்பாங்களே" என்றேன். "விட்டிருப்பாங்க அண்ணே. ஆனா முன் கதவு வேலை தெரிஞ்சவங்க ரெண்டே பேருதான். ஒருத்தன் போயிட்டா இன்னொருத்தனால தனியாப் பாக்க முடியாது. கதவு திறக்கலைன்னா நீங்க யாரும் அங்க இறங்கவே முடியாதே" என்றார்.

மறுநாள் காலை கதவு திறந்தது. நாங்கள் இறங்கினோம். இறங்கிய அவசரத்தில் அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. எல்லோரும் அவரைக் கடலூர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள்

இன்று பிற்பகல் ஆர்.கே. பீச். குருசுரா நீர்மூழ்கியைப் பார்த்தேன். கரையில் மணலுக்கு மேலே முழுசாக நிற்கிறது. 91 மீட்டர் நீளம். சோவியத் நாட்டில் கட்டியது. 1969 டிசம்பர் 18-ல் நம் படையில் சேர்ந்து, 1971 போரில் அரபிக் கடலில் ரோந்து சுற்றி, 31 வருடம் உழைத்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 2002-லிருந்து காட்சிக்கு இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் அறைக்கு அறை போக வட்டமான ஓட்டை. காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, உடம்பை இழுக்க வேண்டும். இப்படி ஏழு பகுதிகள். எனக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் போனேன். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

வழிகாட்டிகள் எல்லாம் கடற்படையில் ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்கு வந்தவர் இதே ரகப் படகில் இருந்தவர். அவர்கள் நீர்மூழ்கியைப் படகு என்றுதான் சொல்கிறார்கள். நான் ஃபௌஜி, அதாவது பட்டாளத்துக்காரன், என்று தெரிந்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லாத விஷயமெல்லாம் வந்தது.

75 பேருக்குப் படுக்கை போதாது. ஒருவர் எழுந்து வாட்சுக்குப் போனதும் அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் அதில் படுப்பார். சிலருக்கு டார்பிடோக்களுக்குப் பக்கத்தில் படுக்கை. குளியல் என்பதே கிடையாது. முகம் கழுவக் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். டீசல் வாசனை தலைமுடியிலும் துணியிலும் ஏறிவிடும். கரைக்கு வந்து இரண்டு முறை குளித்தாலும் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்களாம். சமையலறையைக் காட்டினார். எங்கள் ஊர் டீக்கடையில் பாய்லர் நிற்கும் இடம்தான் இருக்கும். அதில் நின்று ஒருவர் 75 பேருக்குச் சமைத்திருக்கிறார். எத்தனையோ லங்கர்களில், அதாவது பட்டாளத்துச் சமையற்கூடங்களில், சாப்பிட்டவன் நான். அந்த இடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"பயமா இருக்காதா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே வேறு எதையோ காட்டினார். பிள்ளைகள் நகர்ந்ததும் என்னிடம் சொன்னார்: "சண்டைய நெனச்சுப் பயந்ததில்ல சாப். தீயும் புகையும்தான்." 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் சிந்துரத்னாவில் புகை சூழ்ந்தபோது இரண்டு அதிகாரிகள் உயிரை விட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். இரண்டும் போர் இல்லாத காலத்தில் நடந்தவை. தரையில் கூடாரம் தீப்பிடித்தால் வெளியே ஓடலாம். இங்கே தீப்பிடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவன்தான் அணைக்க வேண்டும்.

ரேடியோ அறைக்கு வந்ததும் நான் கேட்டேன், "விஜயநாராயணம் தெரியுமா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் ராத்திரியில் தெரியும் சிவப்பு விளக்குகள் விஜயநாராயணத்துக் கோபுரங்களுடையவை. ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை ரேடியோ நிலையம். 1990-லிருந்து இருக்கிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசை கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கும். அதனால் நீர்மூழ்கி மேலே வராமலே செய்தி கேட்டுக்கொள்ளலாம். சாதாரண ரேடியோ அலைகள் தண்ணீரில் பட்டதும் நின்றுவிடும். "நாங்க கீழ கெடக்கும்போது வெளியுலகத்துலேருந்து வர்ற ஒரே குரல் உங்க ஊர்லேருந்துதான் சாப். நாங்க பதில் பேச முடியாது, கேக்க மட்டும்தான் முடியும்" என்றார். அந்த விளக்குகளைச் சின்ன வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சோறு ஊட்டியிருக்கிறோம். இனி அவற்றைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

பிரியும் நேரத்தில் தேவனாம்பட்டினத்துக்காரரைப் பற்றிச் சொன்னேன். கப்பல் பெயர், வருடம், முன் கதவு வேலை எல்லாவற்றையும் கையில் எழுதிக்கொண்டார். பழைய ஆட்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

எதிரிலேயே டியூ-142 விமானம். நம் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறந்த கடல் கண்காணிப்பு விமானம். 29 வருடம் வேலை செய்து 2017 மார்ச்சில் அங்கேதான் ஓய்வு பெற்றது. பேரனுக்கு நீர்மூழ்கியைவிட இதுதான் பிடித்திருந்தது. ஒவ்வொரு எஞ்சினிலும் இரண்டு காற்றாடி, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்று எனக்கு அவன்தான் விளக்கினான்.

நான்காம் நாள்

காலையில் தம்பி மகனுக்கு அழைப்பு வந்துவிட்டது. நாளை விடியுமுன் கப்பல் கிளம்புகிறது. எங்கே, எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மருமகளுக்கும் தெரியாது. அவள் உடனே துணி மடிக்க ஆரம்பித்தாள்.

அவன் டியூட்டிக்குப் போனதும் நான் தனியாக மறுபடி பீச்சுக்குப் போனேன். நேற்று அவசரத்தில் வெற்றிச் சின்னத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. 1971 போர் நினைவாக 1996-ல் எழுப்பியது. இந்தக் கடலில்தான் அந்த டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவு வாக்கில் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கியது. அது தேடி வந்தது நம் விமானந்தாங்கி விக்ராந்தை. விக்ராந்த் அந்தமான் பக்கம் மறைந்திருந்தது. அது விசாகப்பட்டினத்தில்தான் நிற்கிறது என்று எதிரி நம்பும்படி செய்திகள் அனுப்பி, ஊரில் காய்கறியும் இறைச்சியும் ஏராளமாக வாங்கச் சொல்லி, ராஜ்புத் கப்பலை விக்ராந்த் போல நடிக்க வைத்தவர் அப்போதைய கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பிறந்த ஒருவரின் மூளை இந்தத் துறைமுகத்தைக் காப்பாற்றியிருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காஜி எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாட்டுக்காரர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதிலிருந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களும் இறந்துபோனார்கள். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 9-ல், டையூவுக்கு அப்பால் நம் குக்ரி கப்பலை அவர்களுடைய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு போனார். எங்களில் ஒருவர் விழுந்தால் கொடி போர்த்தி ஊருக்குக் கொண்டு வருவார்கள். மண் போடலாம், கல் நடலாம். கடலில் போனவரின் வீட்டுக்குத் தந்தி மட்டும் வந்திருக்கும். சின்னத்தின் முன்னால் நின்று சல்யூட் அடித்தேன். நம்மவர்களுக்கும், அந்தத் தண்ணீருக்குள் கிடக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சாயங்காலம் குருசுரா வழிகாட்டி போன் செய்தார். கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தாராம். ஆனால் அவர் வேறு கப்பல், ஊரும் பரங்கிப்பேட்டை. இன்னும் இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஐந்தாம் நாள்

காலை மூன்றரைக்கு வாசலில் சத்தம் கேட்டு எழுந்தேன். தம்பி மகன் தோளில் பையோடு நிற்கிறான். பேரனை எழுப்பவில்லை. தூங்குகிறவன் நெற்றியில் கை வைத்துவிட்டு வந்தான். என் காலைத் தொடக் குனிந்தவனைத் தடுத்து நிறுத்தி, விறைத்து நின்று நான் அவனுக்குச் சல்யூட் அடித்தேன். அவன் கண் கலங்கிவிட்டது. பதவியில் கீழே இருக்கிற பெட்டி ஆபீசருக்கு நாயப் சுபேதார் முதலில் சல்யூட் அடிப்பது முறையில்லைதான். 2004-ல் அடிக்காமல் விட்டது ஒன்று பாக்கி இருந்தது.

விடிந்ததும் மருமகள் பையனைப் பள்ளிக்குக் கிளப்பினாள். அப்பா எங்கே என்று கேட்டான். "ஷிப்புக்கு" என்றாள். "சரி" என்று ஷூ மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான். நான் கேஸ் சிலிண்டருக்குப் பதிந்து, ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றி, ஸ்கூட்டர் டயருக்குக் காற்றடித்துக் கொண்டு வந்தேன். இவள் இதையெல்லாம் தனியாகவே செய்கிறவள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டுக்காரரும் இதே கப்பலில்தான் போயிருக்கிறாராம். அந்தக் குடியிருப்பில் சம்பளம் வாங்காமல் சேவை செய்கிற ஒரு படை இருக்கிறது. அவர்களுக்கு மெடல் கிடையாது.

மதியம் ரயில். கிளம்புமுன் மருமகள் என் பையில் ஒரு ஜாடியை வைத்தாள். எலுமிச்சங்காய் ஊறுகாய். "அவங்களுக்காகப் போட்டது மாமா. அவசரத்துல எடுக்காமப் போயிட்டாங்க. நீங்க ரயிலுக்குக் கொண்டு போங்க" என்றாள்.

நான் ஜாடியை வெளியே எடுத்து, துணியால் வாயைக் கட்டி, அடுக்களை அலமாரியில் மேல் தட்டில் திரும்ப வைத்தேன். "நல்லா ஊறட்டும்மா. அவன் வந்து சாப்பிடட்டும்" என்றேன்.